மலைக்கு வைத்த கும்பிடு

அன்புள்ள மகனுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். எனக்கு அப்படி எழுதக் கை வரவில்லை. உன் அப்பாவுக்கு முழங்கால் வீக்கம் குறையவில்லை. எனக்கு உன் கடிதம் வந்த நாளிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. உன் மனைவி வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள், ஆனால் சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை. நீ அங்கே சௌக்கியமாகத்தான் இருப்பாய். நாலு பக்கம் நெருக்கி நெருக்கிப் பொடி எழுத்தில் எழுதத் தெம்பு இருக்கிறவன் உடம்புக்கு என்ன வந்துவிடப் போகிறது.

அந்த நாலு பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தபோது ஏதோ பெரிய விபரீதம் நடந்துவிட்டது என்று பயந்தேன். படித்து முடித்ததும் இதற்கா இத்தனை மை செலவு என்று தோன்றியது. நடந்தது என்ன? உன் ஆபீசரும் அவர் மனைவியும் உன் வீட்டுக்கு டிபன் சாப்பிட வந்தார்கள். உன் மனைவி வசந்தா கேசரியும் பஜ்ஜியும் செய்து வைத்தாள். ஆபீசர் அவளைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரர் வீட்டுல எப்படிம்மா?" என்று கேட்டார். அவள் பதில் சொல்லாமல் சிரித்தாள். ஆபீசரின் மனைவியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து ஆபீசர் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. உனக்கு வரும் என்று நீ நம்பியிருந்த மேல் வேலை இன்னொருவனுக்குப் போய்விட்டது. ஆகையால் உன்னை மட்டம் தட்டிச் சிரித்த அந்தச் சிரிப்புதான் உன் பிழைப்பைக் கெடுத்தது. ஆகையால் கார்த்திகை தீபத்துக்கு அழைத்து வந்த பெண்ணை, "பத்து நாள் இருந்துட்டு வா" என்று இங்கே விட்டுவிட்டு நீ மட்டும் மெட்ராஸ் பஸ் ஏறிப் போய்விட்டாய். இப்போது தை பிறந்து பொங்கலும் போய்விட்டது. எனக்கு எழுதுகிறாய், அவள் ஏன் சிரித்தாள் என்று பக்குவமாக விசாரித்து எழுது, அதைப் பார்த்துவிட்டுத்தான் அவளை இங்கே கூப்பிட்டுக்கொள்வதா, போளூருக்கு அவள் அப்பா வீட்டுக்கு அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்வேன் என்று.

முடிவு செய்கிறாராம் துரை. ஜட்ஜுக்குக்கூட எதிரே நிற்கிறவனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்தச் சிரிப்புக்குப் பிறகும் அவள் உனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள், உன் சட்டையை இஸ்திரி பண்ணினாள், உன்னோடு ஒரே சீட்டில் உட்கார்ந்து பஸ்ஸில் அஞ்சு மணி நேரம் இந்த ஊருக்கு வந்தாள். அத்தனை நேரமும் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்க உனக்கு வாய் வரவில்லை. இங்கே வந்து தீபம் பார்க்க மாடியில் நின்றபோதும் இரண்டு பேரும் ஒட்டி ஒட்டித்தான் நின்றீர்கள், நான் பார்த்தேன். பஸ்ஸில் இல்லாத வாய், மாடியில் இல்லாத வாய், மெட்ராஸ் போனதும் தபாலில் முளைத்துவிட்டது. அதுவும் யாருக்கு? எனக்கு. தலைப் பொங்கலுக்கு அழைக்க உன் மாமனார் போளூரிலிருந்து வேட்டி, புடவையோடு வந்து இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்று நான் அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன். அவர் நம்பவில்லை. நம்பாமலேயே "பரவால்லைங்க, வேலைதானே முக்கியம்"னு சொல்லிவிட்டு எழுந்து போனார். அந்தப் பெரிய மனிதர் முன்னால் என்னைப் பொய் பேச வைத்தாயே, அதற்கே உன்னை நாலு சாத்து சாத்தலாம்.

நீ கேட்டதை நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். ஏன் என்று சொல்வதற்குத்தான் இவ்வளவு காகிதம் எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். எட்டாம் கிளாஸ் படித்தவள் எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படி.

உன் அப்பாவுக்கு எண்ணெய் மில் வேலை எப்படிப் போனது என்று உன்னைக் கேட்டால் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். இஞ்சின் ஃபிட்டர் தஸ்தகீர் பாய் மானேஜரிடம் கோள் சொல்லிக் கெடுத்தார் என்பாய். உனக்கு அதை யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. வீட்டில் அரைகுறையாகக் காதில் விழுந்ததை வைத்து நீயே கட்டிக்கொண்டது. உன் அப்பா அதை ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இந்த வீட்டு ஆம்பிளைகளுக்கு அதுதான் பெரிய கெட்டிக்காரத்தனம். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் தன்னை ரிஷி என்று நினைத்துக்கொள்வார்கள்.

மில் கிழக்கே, ரயில் லைனை ஒட்டி இருந்தது. மெட்ராஸ் போய் நீ வேர்க்கடலை என்கிறாயே, அந்த மல்லாட்டை மூட்டைகள் வண்டி வண்டியாக வரும், உடைத்துப் பருப்பெடுத்து ஆட்டி எண்ணெய் போகும், பிண்ணாக்கு போகும். உன் அப்பா அங்கே மேஸ்திரி. தஸ்தகீர் பாய் இஞ்சினைப் பார்த்துக்கொள்கிறவர். இரண்டு பேரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். எதிர்க் கடையில் ஒரு டீ வாங்கி இரண்டாக ஊற்றிக் குடிப்பார்கள். உன் அப்பா வீட்டில் பேசாத பேச்செல்லாம் அந்த டீக்கடையில்தான் பேசித் தீர்ப்பார் என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. பெருநாள் வந்தால் பாயின் சம்சாரம் ஜைத்தூன் அக்கா தூக்குச் சட்டியில் சேமியா பாயசம் கொண்டுவருவாள். பொங்கலுக்கு நான் இங்கிருந்து அனுப்புவேன். உனக்கு நினைவிருக்கும், நீதான் அடிமுந்திரி வரைக்கும் வழித்துத் தின்பாய்.

அந்த மில்லுக்குப் புதிதாக ஒரு மானேஜர் வந்தார். தெற்கத்தி ஆள், மதுரைப் பக்கம். நல்ல உயரம், நல்ல நிறம், அது போதும் என்று கடவுள் அதோடு நிறுத்திக்கொண்டார். மில்லின் முன்கட்டில் மாடியில் அவருக்கு ரூம், ரூமுக்கு முன்னால் ஒரு வராந்தா. காலையில் எட்டு மணிக்குக் காபி டம்ளரோடு வராந்தாவில் வந்து நின்று, கேட் வழியாக வருகிறவர்கள் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். உன் அப்பா எட்டு மணிக்கு சைக்கிளில் வருவார். கேட்டுக்குள் நுழைந்ததும் இறங்கி, சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு, செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஒரு கும்பிடு போடுவார். யாருக்கு? மலைக்கு. இந்த ஊரில் மலைதான் சாமி, இங்கே பிறந்தவனுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. எந்தத் தெருமுனை திரும்பினாலும் மலை தெரிந்தால் கை தானாக மேலே போகும். மில்லுக்குள் மேற்கே பார்த்து நுழைந்தால் நேர் எதிரே மாடி வராந்தா, அதற்கு மேலே மலை உச்சி. மானேஜருக்கு முதுகுப் பக்கம் மலை. அவர் திரும்பிப் பார்த்ததே இல்லை.

அந்த மனுஷன் என்ன நினைத்தான் தெரியுமா? இவர் தன்னைத்தான் கும்பிடுகிறார் என்று நினைத்துவிட்டான். தலைக்கு மேலே இரண்டு கையையும் தூக்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, மாசம் முந்நூறு ரூபாய் வாங்குகிற ஒரு மானேஜரை ஒருத்தன் கும்பிடுவானா என்று ஒரு நிமிஷம் யோசிக்கக் கூடாதா? யோசிக்கவில்லை. தனக்கு அது தகும் என்றே அவருக்குப் பட்டிருக்கிறது. வராந்தாவிலிருந்து மெல்லத் தலையை ஆட்டி அந்தக் கும்பிடை ஏற்றுக்கொள்வார். உன் அப்பா என்ன நினைத்தார்? பார், இவ்வளவு பெரிய மனுஷர், நம்மைப் பார்த்ததும் அவரே முந்திக்கொண்டு தலை அசைக்கிறார், என்ன குணம் என்று நினைத்தார். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவார். ஒருத்தர் முட்டாள்தனத்தின் மேல் இன்னொருத்தர் முட்டாள்தனம் ஏறி உட்கார்ந்து, ஒரு வருஷம் இரண்டு பேருக்கும் அப்படி ஒரு ஒற்றுமை. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மில்லில் மானேஜரைப் பார்த்து நிஜமாக மரியாதை வைத்தவர் தஸ்தகீர் பாய்தான். இஞ்சின் ரூம் வாசலில் நின்று தினமும் ஒரு சலாம் வைப்பார். அது ஒற்றைக் கை சலாம், எண்ணெய்ப் பிசுக்குக் கை வேறு. அது மானேஜர் கண்ணிலேயே படவில்லை.

ஒரு வருஷம் கழித்து, இவ்வளவு விசுவாசமான மேஸ்திரிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மானேஜருக்குத் தோன்றியது. பின்கட்டுக் கிடங்கின் சாவியை உன் அப்பாவிடம் கொடுத்தார். அது லேசான விஷயம் இல்லை. மில்லின் சரக்கு முழுக்க அந்தப் பூட்டுக்குள்தான். உன் அப்பா அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார், நானும் சந்தோஷப்பட்டேன். சாவி வந்ததும் என்ன ஆயிற்று, மற்றவர்கள் வருவதற்கு முன்னாலேயே கிடங்கைத் திறக்க வேண்டுமே, உன் அப்பா பின் கேட் வழியாகப் போக ஆரம்பித்தார். மலைக்குப் போடும் கும்பிடை அங்கேயே பின் கேட்டில் போட்டு முடித்துவிட்டு உள்ளே போய்விடுவார். முன்பக்கம் வரும்போது கையில் வேலை, வாயில் பீடி. வராந்தாவில் காபி டம்ளரோடு நின்ற மனுஷனுக்குக் கும்பிடு வரவில்லை.

மானேஜர் ஒரு வாரம் பார்த்தார், ஒரு மாசம் பார்த்தார். சாவி கைக்கு வந்ததும் இவனுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார். கூப்பிட்டு, ஏம்ப்பா இப்பல்லாம் ஆளையே காணோம் என்று கேட்டிருந்தால் விஷயம் அந்த நிமிஷமே விளங்கியிருக்கும். கேட்டால் கௌரவம் என்ன ஆவது? உன்னைப் போலத்தான் அவரும். கேட்கிறது கேவலம், மனசுக்குள் வைத்துப் பொருமுகிறது பெரிய மனுஷத்தனம். நேரே பேசிக்கொண்டிருந்தவர் பியூனிடம் சொல்லியனுப்ப ஆரம்பித்தார். எடை கம்மி என்றார், ஈரம் ஜாஸ்தி என்றார். தீபாவளிக்கு எல்லோருக்கும் தன் கையால் வேட்டி கொடுத்தவர், உன் அப்பாவின் வேட்டியை மட்டும் பியூன் கையில் கொடுத்து அனுப்பினார். உன் அப்பா அந்த வேட்டியை இன்றுவரை கட்டவில்லை.

சரி, அவர்தான் கேட்கவில்லை, உன் அப்பாவாவது மாடி ஏறிப் போய், ஐயா என்மேல என்ன கோவம் என்று கேட்டிருக்கலாம். அந்த மாடிக்குப் பன்னிரண்டு படி இருந்தால் ஜாஸ்தி. கேட்கவில்லை. யாரோ கோள் சொல்லியிருக்கிறார்கள் என்று யோசிக்க உட்கார்ந்தார். யோசிக்கிறவனுக்கு ஆள் கிடைக்காமல் போகுமா? அந்தச் சமயத்தில் தஸ்தகீர் பாய் அடிக்கடி மானேஜர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாத்தியது எதற்கு என்று பிற்பாடு மில் ஆட்கள் சொன்னார்கள், மானேஜரின் மேஜை ஃபேன் ஓடாமல் நின்றுவிட்டது, அதைப் பிரித்துப் போட்டு ரிப்பேர் செய்துகொண்டிருந்தார், மல்லாட்டைத் தூசி உள்ளே வரக் கூடாது என்று சாத்தினார். உன் அப்பா கதவைப் பார்த்தார், ஃபேனைப் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். பாய் கடை வாசலில் நின்று, "இன்னா மேஸ்திரி, டீ ஆறுது"னு கூப்பிட்டாராம். இவர் காது கேட்காதவர் மாதிரி சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிட்டார். அதை என்னிடம் பெருமையாகச் சொன்னார். எனக்கு அப்போதே அருவருப்பாக இருந்தது.

அந்த வருஷம் பெருநாளுக்கு ஜைத்தூன் அக்கா தூக்கோடு வந்தபோது உன் அப்பா கூடத்தில் நாற்காலியில் இருந்தார். "உள்ள வாங்காத"னு என்னிடம் மெதுவாகச் சொன்னார். வாசலில் நின்றவளுக்கு அது கேட்டுவிட்டது. அவள் முகம் போன போக்கை நான் எப்படி எழுதுவது. தூக்கை இறக்கவும் இல்லை, திருப்பவும் இல்லை, அப்படியே நின்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா, பின்பக்கமாகச் சுற்றிப் போய், சந்துக்குள் அவளைக் கூப்பிட்டு, அந்தத் தூக்கை வாங்கி, அங்கேயே நின்றுகொண்டு ஒரு கிண்ணம் குடித்தேன். மிச்சத்தை உள்ளே கொண்டுவந்து உனக்குப் போட்டேன். காலித் தூக்கைத் தரக் கூடாது என்று வாழைப்பழம் வைத்துக் கொடுத்தேன். "இன்னாம்மா ஆச்சு அண்ணனுக்கு?" என்று அவள் கேட்டாள். எனக்கே தெரியாது என்றேன். அது நிஜம். அவர் அதுவரை என்னிடமும் காரணம் சொல்லவில்லை.

மானேஜருக்கு என்ன கோபம் என்று எனக்குத் தெரிந்தது கோயிலில். வெள்ளிக்கிழமை அம்மன் சந்நிதியில் மானேஜரின் மனைவியைப் பார்த்தேன். நல்ல பெண், ஆனால் புருஷன் சொன்னதை அப்படியே நம்புகிறவள். பிரகாரத்தில் உட்கார்ந்திருந்தபோது மெல்ல ஆரம்பித்தாள். "தப்பா எடுத்துக்கிடாதீங்க. முன்னெல்லாம் உங்க வீட்டய்யா தினமும் கேட்டுல நின்னு இவுகளைக் கைதூக்கிக் கும்பிடுவாராம்ல. சாவி கொடுத்த பெறகு திரும்பிக்கூடப் பாக்கறதில்லையாம். இவுகளுக்கு மனசே விட்டுப் போச்சு." எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தேன். அடக்க முடியாமல் சிரித்தேன், அர்ச்சனைத் தட்டு மடியிலிருந்து உருண்டது. "அய்யோ அம்மா, அது உங்க வீட்டுக்காரருக்கு இல்லை, மலைக்கு. இந்த ஊருல எல்லாரும் போடற கும்பிடு"ன்னு சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. முகம் சுண்டிப் போய் எழுந்து போய்விட்டாள்.

நான் என்னவோ சிக்கல் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உண்மை தெரிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன் பார், எனக்கும் அந்த வயதில் அவ்வளவுதான் புத்தி. அந்தக் கும்பிடு நின்றுபோனதைக்கூட மானேஜர் தாங்கிக்கொண்டார். அது எந்தக் காலத்திலும் தனக்கு வந்ததே இல்லை என்பதை அவரால் தாங்க முடியவில்லை. அதுவும் மனைவி வாயால், கோயிலில் நாலு பேர் சிரித்தார்கள் என்ற சேதியோடு கேட்டால் எப்படித் தாங்குவார்? உன் அப்பா அவர் எதிரே போய் நின்று, ஐயா நான் கும்பிட்டது மலையை, ஆனால் உங்கள்மேல் மரியாதை இல்லாமல் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கொஞ்சம் வெட்கப்பட்டுவிட்டு விட்டிருப்பார். அந்த உண்மை என் வாய் வழியாகக் கிளம்பி, இன்னொருத்தி காது வழியாகப் போய்ச் சேர்ந்தபோது பாதி வழியிலேயே கேலியாக மாறிவிட்டது. இரண்டு நாளில் மில் முழுக்கப் பரவியது. மூட்டை தூக்குகிறவர்கள்கூட கேட்டில் நின்று வராந்தாவைப் பார்த்துக் கும்பிடுவதும், சிரிப்பதும். மானேஜர் வராந்தாவில் நிற்பதை நிறுத்தினார். மாசக் கடைசியில் பியூன் வந்து கிடங்குச் சாவியைக் கேட்டான். அதோடு வேலையும் போயிற்று. அப்புறம் நாம் பட்ட பாடு உனக்கே தெரியும், அதை இங்கே எழுதி உன்னை அழவைக்க எனக்கு நேரமில்லை.

வேலை போனது எனக்குப் பெரிதில்லை. கை கால் இருந்தது, மண்டியில் வேறு வேலை கிடைத்தது, நீயும் படித்தாய். பாய் விஷயம்தான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. தஸ்தகீர் பாய் ஒரு கோளும் சொல்லவில்லை என்று உன் அப்பாவுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. நான்தான் சொன்னேனே, கோயிலில் கேட்டதை அப்படியே. "பாய் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க" என்றேன். "எந்த மூஞ்சியோட போறது?" என்றார். "இருக்கிற மூஞ்சியோடதான்" என்றேன். போகவில்லை. செங்கம் ரோட்டில் பாய் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார், உனக்குத் தெரியும். அந்தக் கடையைத் தாண்டாமல் இருக்க உன் அப்பா ஊரைச் சுற்றிக்கொண்டு போவார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி செருப்பில்லாமல் மலையை எட்டு மைல் சுற்றி வருகிற மனுஷர், ஒரு ரோட்டைத் தாண்ட மாட்டார். இன்று காலையிலும் வீங்கின முழங்காலோடு சுற்றுவழியில்தான் போனார். இவருக்கு எந்தப் புண்ணியம் எங்கே வந்து சேரும் என்று எனக்கு விளங்கவில்லை.

பாயையும் நான் விடமாட்டேன். ஒருநாள் சந்தையில் அவரைப் பார்த்தபோது நேராகவே கேட்டேன், நீங்களாவது வந்து என்ன ஏதுன்னு கேட்டிருக்கக் கூடாதா என்று. "மேஸ்திரி பெரிய ஆளாயிட்டாரும்மா. சாவி வந்துடுச்சு. நம்ம எதுக்குப் போயி நிக்கணும்னு வந்துட்டேன்" என்றார். பார்த்தாயா, மானேஜர் நினைத்ததையேதான் இவரும் நினைத்திருக்கிறார். அந்தப் பாழாய்ப்போன சாவி ஒன்றுதான், அதைப் பார்த்து ஆளுக்கு ஒரு கதை. இல்லை பாய், நடந்தது இதுதான் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "வேணாம்மா. நீங்க சொன்னா நான் நம்புவேன். ஆனா அது அவரு சொல்ல வேண்டியது. அவரு சொல்லட்டும்" என்றார். அவர் சொன்னது நியாயம். அன்றைக்கு நான் தீர்மானம் செய்துகொண்டேன், இரண்டு பேருக்கு நடுவில் நின்று ஒருத்தர் பேச்சை இன்னொருத்தருக்கு எடுத்துக்கொண்டு போவதில்லை என்று. புருஷனாக இருந்தாலும் சரி, பெற்ற பிள்ளையாக இருந்தாலும் சரி.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் ஆபீசர் முகம் கொடுக்கவில்லை என்கிறாயே, அவரிடமாவது கேட்டாயா? அவருக்கு வீட்டில் என்ன தொல்லையோ, பல்வலியோ, மேலே இருக்கிறவனிடம் என்ன திட்டு வாங்கினாரோ. அந்த மேல் வேலை கிடைத்தவன் உன்னைவிட நன்றாக வேலை செய்கிறவனாகக்கூட இருக்கலாம், அப்படி ஒன்று உலகத்தில் உண்டு என்பது உனக்குத் தோன்றவே இல்லை. ஆபீசர் நெற்றியைச் சுருக்கினால் உன்னால், உன் மனைவி பல் தெரியச் சிரித்தால் உன்னால், யாரோ இரண்டு பேர் கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் அதுவும் உன்னைப் பற்றி. வராந்தாவில் காபி டம்ளரோடு நின்ற ஆளைப் பற்றிப் படிக்கும்போது நீ சிரித்திருப்பாய். கண்ணாடியில் போய்ப் பார்த்துக்கொள். அவருக்காவது மாசம் முந்நூறு ரூபாய் வந்தது, உனக்கு அதுகூட இன்னும் வரவில்லை.

உன் மனைவி இந்தப் பக்கம் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்று சொல்கிறேன் கேள். அவளுக்குத் தன்மேல் என்ன குற்றம் என்றே தெரியாது. நீ சொன்னால்தானே. தபால்காரர் வரும் நேரத்துக்கு ஏதோ வேலை இருக்கிறவள் மாதிரி வாசலுக்குப் போவாள், வெறும் கையோடு உள்ளே வருவாள். போன வாரம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, "கேசரியில அன்னிக்கு சக்கரை ஜாஸ்தியாயிடுச்சு அத்தை. ஆபீசரம்மா பாதியை வெச்சுட்டாங்க. அதுக்குத்தான் இவருக்குக் கோவமா இருக்கும், இல்ல?" என்று கேட்டாள். இத்தனை நாளும் அவள் அந்தக் கேசரியை நினைத்து நினைத்து உருகிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, உன்னைக் கொண்டுவந்து நிறுத்தி நாலு அறை அறைய வேண்டும் என்று ஆத்திரமும் வந்தது. முறத்தை அவள் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, உள்ளே போய் உன் கடிதத்தை எடுத்து வந்து அவளிடம் கொடுத்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. உன் வார்த்தை, உன் எழுத்து.

நாலு பக்கத்தையும் படித்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. முகம் மட்டும் சிவந்தது. "சிரிச்சதுக்கா?" என்று கேட்டாள். அப்புறம், "அன்னிக்கு நான் ஏன் சிரிச்சேன்னா அத்தை" என்று ஆரம்பித்தாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். "என்கிட்ட சொல்லாதம்மா. எனக்கு அது வேணாம். யாருக்கு வேணுமோ அவன்கிட்ட சொல்லு" என்றேன். அவள் எழுந்து போய்ப் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினாள். "நானே போய்ச் சொல்றேன். சொல்லிட்டு, என்னை ஒரு வார்த்தை ஏன் கேக்கலைன்னு நானும் கேக்கறேன்" என்றாள். உன் அப்பா மட்டும் இழுத்தார், பையன் வந்து கூப்பிடட்டுமே, நாமா அனுப்பினா நல்லாவா இருக்கும் என்று. அவர் யோசனையை யார் கேட்டது. இந்த வீட்டில் ஒருத்தர் வரட்டும் என்று இன்னொருத்தர் உட்கார்ந்திருந்து பார்த்தாகிவிட்டது.

அதனால் இதை நான் தபாலில் போடவில்லை. உறையை ஒட்டவும் இல்லை. இதில் இருக்கிற ஒவ்வொரு வரியையும் அவள் படித்துவிட்டாள். விடிகாலை பஸ்ஸுக்கு அவளே கொண்டுவருகிறாள். நீ இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது அவள் பெட்டியோடு உன் எதிரில் நின்றுகொண்டிருப்பாள். உட்காரச் சொன்னாயா? முதலில் சொல். திரும்பி வருவதற்கும் அவளிடம் பஸ் காசு கொடுத்திருக்கிறேன். உனக்கு வாய் வராவிட்டால் அவள் வரட்டும், இந்த வீட்டில் அவளுக்கு எப்போதும் இடம் உண்டு. போளூருக்கு அனுப்ப மாட்டேன், என்னோடுதான் இருப்பாள். பேசத் தெரியாத பிள்ளைக்குத்தான் இங்கே இடமில்லை.

போதும், இதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை. காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கேள்.

அம்மா